கொலைக்கு அழைத்த இனிய குரல்!

சேலத்தில் உருவான "வாராய், நீ வாராய்" பாட்டின் கதை

ஒரு மலைப்பாதை. கணவன் முன்னே நடக்கிறான். மனைவி பின்னே வருகிறாள். குளிர்ந்த காற்று வீசுகிறது. அவன் பாடி அழைக்கிறான். அவளும் பாடிக்கொண்டே ஏறுகிறாள்.

பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஆகா, என்ன பொருத்தமான ஜோடி!" என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் அவன் அவளை அழைத்துப் போவது இயற்கை அழகைக் காட்ட அல்ல. மலை உச்சியிலிருந்து அவளைக் கீழே தள்ளிக் கொல்வதற்கு!

1950-ம் ஆண்டில் வெளிவந்த "மந்திரி குமாரி" படத்தில் வரும் "வாராய், நீ வாராய்" என்ற பாட்டுத்தான் இது. எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்பும் வானொலியிலும் டெலிவிஷனிலும் அது ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்பவர்களில் பலர் அதைக் காதல் பாட்டு என்றே எண்ணி ரசிக்கிறார்கள். படத்தைப் பார்க்காதவர்களுக்கு அதில் ஒளிந்திருக்கும் பயங்கரம் தெரியாது.

ஒரு பாட்டு இப்படி இத்தனை பேரை ஏமாற்ற முடியுமா? முடியும். ஏமாற்றுவதற்காகவே அமைந்த பாட்டு இது. அதன் சிறப்பும் அதுவே.

சேலத்துப் பட்டறை

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், சேர்வராயன் மலையை நோக்கிப் போகும்போது, ஒரு பழைய நுழைவாயில் வளைவு நிற்பதைக் காணலாம். ஒரு காலத்தில் அந்த வளைவுக்கு அப்பால் ஓர் உலகமே இருந்தது. அரண்மனைகள் எழும்பின, இடிந்தன, மறுபடி எழும்பின. ராஜாக்களும் ராணிகளும் மந்திரவாதிகளும் அங்கே நடமாடினார்கள். அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ.

அதை நிறுவியவர் டி. ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர். இங்கிலாந்துக்குச் சென்று ஜவுளித்தொழில் படித்துத் திரும்பிய அவர், தறிகளுக்குப் பதிலாகக் காமிராவைப் பிடித்துக்கொண்டார். 1937-ல் "சதி அகல்யா" படத்துடன் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" (1938), தமிழின் முதல் வண்ணப்படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" (1956) ஆகியவை இந்த ஸ்டூடியோவின் பெயரைச் சொல்பவை.

சென்னைக்குப் போகாமல், கொங்கு நாட்டு ஊர் ஒன்றிலேயே இருந்துகொண்டு இத்தனையும் செய்தார் சுந்தரம். நடிகர்கள், கவிஞர்கள், வசனகர்த்தாக்கள் எல்லாரும் ரயிலேறிச் சேலத்துக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் மு. கருணாநிதி. "மந்திரி குமாரி" அவர் எழுதிய மேடை நாடகம். அதைப் படமாக்க முடிவு செய்தார் சுந்தரம். வசனத்தையும் கருணாநிதியே எழுதினார். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 26.

டைரக்டர்களாக இருவர் பெயர் இடம் பெற்றது. ஒருவர் சுந்தரம். மற்றவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். "சதி லீலாவதி" (1936), "சகுந்தலை" (1940), "மீரா" (1945) முதலிய படங்களை எடுத்தவர். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை எடுத்துப் புகழ் பெற்றவர்!

கதை எங்கிருந்து வந்தது?

எம். ஜி. ராமச்சந்திரன் படத்தின் கதாநாயகன். ஆனால் கதையின் முடிச்சு அவரிடம் இல்லை. ராஜகுருவின் மகன் பார்த்திபனிடம் இருக்கிறது. பகலில் பெரிய இடத்துப் பிள்ளை, இரவில் கொள்ளைக்காரன். இந்தப் பாத்திரத்தில் எஸ். ஏ. நடராஜன் நடித்தார். தந்தையாகிய ராஜகுருவாக வந்தவர் எம். என். நம்பியார். பார்த்திபன் மீது காதல் கொண்டு, அவனைத் தண்டனையிலிருந்து காப்பாற்றி, மணந்துகொள்ளும் மந்திரி மகள் அமுதவல்லியாக மாதுரி தேவி நடித்தார்.

காப்பாற்றியவளையே கொல்லத் துணிகிறான் கணவன். இந்தக் கதை புதிதா? இல்லை. மிகப் பழையது.

தமிழின் ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்று குண்டலகேசி. நாதகுத்தனார் இயற்றிய பௌத்த காப்பியம். அந்த நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத் தொகுப்பிலும் உரைகளிலுமாகத் தப்பிப் பிழைத்தவை 19 செய்யுட்கள்தாம். மற்றவை அழிந்துவிட்டன. ஆனால் கதை அழியவில்லை. நீலகேசியின் உரையும், பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களும் அதைக் காப்பாற்றிக் கொடுத்தன.

ராஜகிருக நகரத்துச் செல்வர் ஒருவரின் மகள் பத்திரை. கொலைத் தண்டனைக்காகத் தெரு வழியே இழுத்துச் செல்லப்பட்ட ஒரு திருடனை மாடத்திலிருந்து பார்க்கிறாள். பார்த்ததும் காதல் கொள்கிறாள். அவன் யார் தெரியுமா? அரசனுடைய புரோகிதரின் மகன் என்கிறது பாலிக் கதை! தந்தை அவனை மீட்டு அவளுக்கு மணம் செய்து வைக்கிறார். சில நாளில் அவள் நகைகள் மீது அவனுக்கு ஆசை பிறக்கிறது. வேண்டுதல் என்று பொய் சொல்லி அவளை மலைக்கு அழைத்துச் செல்கிறான். உச்சிக்குச் சென்றதும் உண்மையைச் சொல்கிறான்.

அவள் அழவில்லை, கெஞ்சிப் பயனில்லை என்று கண்டுகொள்கிறாள். "சாகுமுன் உம்மை வணங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லி அவன் பின்னால் போகிறாள். ஒரே தள்ளு! தள்ள வந்தவன் கீழே விழுந்து மாய்கிறான். மலையில் வாழ்ந்த தேவதை இதைப் பார்த்து, அறிவு ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல என்று அவளைப் பாராட்டியதாகவும் கதை சொல்கிறது. பிறகு அவள் துறவு பூண்டு, ஊர் ஊராகச் சென்று வாதம் புரிந்து, முடிவில் புத்தரின் சங்கத்தில் சேர்ந்தாள். பௌத்தத் துறவியரான பெண்களின் பாடல்களைக் கொண்ட தேரிகாதையில் அவளுடைய பாடல்களும் இருக்கின்றன.

ஏட்டில் அழிந்துபோன அந்தக் காப்பியம், சேலத்தில் பிலிம் சுருளில் மறுபடி உயிர் பெற்றது.  அந்த மலையைப் படமும் விடவில்லை.

வில்லனுக்கு ஒரு தேன்குரல்

மலைக்காட்சிக்கு ஒரு பாட்டு வேண்டும். எப்படிப்பட்ட பாட்டு?

சாதாரணமாக வில்லன் வரும் இடத்தில் இசை உறுமும்; முரசு அதிரும். "ஆபத்து, ஆபத்து" என்று பார்ப்பவர்களை எச்சரிக்கும். சங்கீத டைரக்டர் ஜி. ராமநாதன் அப்படிச் செய்யவில்லை. கர்நாடக இசையில் ஊறியவர் அவர். "சிவகவி", "ஹரிதாஸ்" காலத்திலேயே பெயர் பெற்றவர். அவர் இந்த இடத்துக்கு மிக இனிமையான மெட்டு ஒன்றை அமைத்தார். சிரமமில்லாமல் ஏறும் நடையைப் போன்ற தாளம். வாயில் எளிதாக ஒட்டிக்கொள்ளும் ராகம். எச்சரிக்கை என்பது மருந்துக்குக்கூட இல்லை.

அது எவ்வளவு சரியான யோசனை! கொலை செய்யப் போகிறவன் கொலைகாரனைப் போலப் பாடினால் யார் பின்னால் வருவார்கள்? அவன் காதலனைப் போலத்தானே பாடவேண்டும்? அதுவும் உண்மையான காதலனைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குழைய வேண்டும்.

காலமும் இதற்கு உதவி செய்தது. முன்பெல்லாம் நடிக்கிறவர்தாம் பாடவேண்டும். பாடத் தெரிந்தவர் கதாநாயகனாவார். நல்ல பாட்டெல்லாம் அவருக்கே போகும். 1940-களின் பிற்பகுதியில் பின்னணி பாடும் வழக்கம் பரவியபிறகு அந்தக் கட்டாயம் நீங்கியது. வில்லனுக்கும் தேன்குரல் கொடுக்கலாம் என்று ஆயிற்று. நடராஜனுக்காகத் திருச்சி லோகநாதன் பாடினார். மாதுரி தேவிக்காக ஜிக்கி பாடினார்.

லோகநாதனின் குரலில் அவசரமில்லை; பதற்றமில்லை. அகலமான, நிதானமான குரல். நம்பத் தகுந்த குரல். ஜிக்கி அப்போது இருபது வயதை எட்டாத பெண். அவர் குரலில் கள்ளமில்லாத துள்ளல் இருந்தது. நிதானம் அழைக்கிறது, துள்ளல் பின்னே போகிறது. பாட்டின் கதை முழுவதும் இந்த இரண்டு குரல்களிலேயே அடங்கிவிடுகிறது. இதே படத்தில் இதே இருவரும் பாடிய ஓடப் பாட்டான "உலவும் தென்றல்" பாட்டையும் மக்கள் மறக்கவில்லை. அது தண்ணீரில் மிதக்கும் பாட்டு. இது பள்ளத்தின் விளிம்புக்குப் போகும் பாட்டு.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்

"மந்திரி குமாரி"க்குப் பாட்டெழுதிய கவிஞர்களில் அ. மருதகாசியும் கா. மு. ஷெரீபும் குறிப்பிடத்தக்கவர்கள். இந்தப் பாட்டின் சொற்களைக் கவனித்தால், வேலைப்பாடு எவ்வளவு நுட்பமானது என்பது புரியும்.

போகவேண்டிய இடம் தொலைவில் இல்லை என்கிறான் கணவன். அவள் உச்சியை நினைக்கிறாள். அவன் அவளுடைய சாவை நினைக்கிறான்.

காற்று வீசுவதால் உள்ளத்தில் மகிழ்ச்சி பொங்குவதாக அவள் சொல்கிறாள். இதைவிடப் பெரிய மகிழ்ச்சி காத்திருக்கிறது, இயற்கையோடு ஒன்றாகிவிடலாம், வானத்தையே காணலாம் என்கிறான் அவன். புது மனைவிக்குச் சொல்லும் கவிதை இது. சாகப் போகிறவளுக்குச் சொல்லும் செய்தியும் இதுவே!

எங்கும் அமைதி நிறைந்திருக்கிறதே என்று அவள் வியக்கிறாள். முடிவே இல்லாத மௌனம் மலை முடியில் இருக்கிறது என்று அவன் பதில் சொல்கிறான். எந்த மௌனம் என்று அவள் கேட்கவில்லை.

கடைசியில் அவன் தன்னைப் புலி என்றும், தன் பின்னே வரும் அவளை மான் என்றும் கூறிவிடுகிறான். ஒளிவுமறைவில்லாத வாக்குமூலம்! அதையும் அவள் காதல் விளையாட்டு என்றே எடுத்துக்கொள்கிறாள்.

இதில் வியப்பு என்னவென்றால், அவன் பாட்டில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் உண்மை. அவள்தான் தன் அன்பினால் அவற்றுக்கு வேறு பொருள் கொடுத்துக்கொள்கிறாள். கேட்பவர்களும் அப்படியே செய்கிறார்கள். மெட்டு இனிமையாக இருக்கிறது. ஆகையால் அழைப்பவனும் நல்லவன் என்று நம்பிவிடுகிறார்கள். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவரும் அமுதவல்லிக்குப் பின்னால் அந்த மலையில் ஏறிக்கொண்டிருக்கிறார் என்றால் மிகையாகாது.

மூன்று சுற்று

பாட்டு முடிகிறது. உச்சி வந்துவிடுகிறது. அவன் உண்மையைச் சொல்கிறான்.

அமுதவல்லி ஒரே ஒரு வரம் கேட்கிறாள். சாகுமுன் கணவனை மூன்று முறை சுற்றி வந்து வணங்க வேண்டும். அவன் சம்மதிக்கிறான். பெண்டாட்டி காலில் விழுவதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று எண்ணுகிறான். அவள் சுற்றி வருகிறாள். மூன்றாவது சுற்றில் அவன் பள்ளத்தில் கிடக்கிறான்.

அவன் இனிய பாட்டால் அவளை ஏமாற்றினான். அவள் வணக்கத்தால் அவனை ஏமாற்றினாள். அவன் அவள் காதலை ஆயுதமாக்கினான். அவள் பதிவிரதைக்கு உரிய சடங்கையே ஆயுதமாக்கினாள்! இந்த இடத்தில்தான் பழைய காப்பியத்தின் நெஞ்சு துடிக்கிறது.

சுந்தரத்தின் சொந்த ஊரான திருச்செங்கோட்டில், மகப்பேறு வேண்டி மலையுச்சிப் பாறையைப் பெண்கள் சுற்றிவரும் வழக்கம் இருந்தது. விளிம்பில் கால் வைத்துச் சுற்றுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது இந்தச் சீமைப் பெண்களுக்குத் தெரியாதது அல்ல. அந்த மலையில் கோயில் கொண்டிருப்பவரோ பாதி ஆண், பாதி பெண்ணான அர்த்தநாரீசுவரர்!

கடல் கடந்த உறவினர்கள்

இனிய குரலில் அழைத்துக் கொலை செய்யும் பாட்டு தமிழில் மட்டும் இல்லை. உலகம் முழுவதும் அதற்கு உறவினர் உண்டு.

1995-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக் கேவ் என்ற பாடகர், "வேர் தி வைல்டு ரோசஸ் குரோ" என்ற பாட்டை வெளியிட்டார். காட்டு ரோஜாக்கள் பூக்கும் இடம் என்பது அதன் பொருள். மேல்நாட்டில் ஆல்டர்நேட்டிவ் ராக் எனப்படும் இசை வகையில் புகழ் பெற்ற பாட்டுக்களில் அது ஒன்று. அவருடன் கைலி மினோக் என்ற பாடகி பாடினார். அங்கும் ஓர் ஆண், ஒரு பெண், இருவர் குரலும் மாறி மாறி வரும் மெல்லிய டூயட். மூன்றாம் நாள் அவளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்கிறான். கல்லால் அடித்துக் கொன்றுவிட்டு, அவள் பற்களிடையே ஒரு ரோஜாவை வைக்கிறான். பாடுகிறவள் இறந்துபோன பெண்!

கொலைப் பாட்டு என்றே மேல்நாட்டில் ஒரு பழைய நாட்டுப்பாடல் வகை உண்டு. அந்த மரபிலிருந்து வந்தது நிக் கேவின் பாட்டு. 1996-ல் அவர் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கும் "மர்டர் பாலட்ஸ்", அதாவது கொலைப் பாட்டுக்கள், என்றே பெயர்.

அந்த மரபுப் பாட்டுக்கள் பலவற்றில் பெண் இறந்துவிடுவாள். ஆனால் ஒரு பாட்டு அப்படியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்ற அமெரிக்கப் பேராசிரியர், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளின் பழம்பாடல்களைத் தொகுத்தார். அதில் நான்காவதாக வருவது இசபெல் என்ற பெண்ணின் கதை. வீரன் ஒருவன் அவளை மயக்கி நீர்க்கரைக்கு அழைத்துச் செல்கிறான். இதற்கு முன் பல அரசகுமாரிகளைக் கொன்றவன் அவன். அப்பாட்டின் ஒரு வடிவத்தில், உயர்ந்த ஆடையைக் கழற்றிவிட்டுச் சாகும்படி சொல்கிறான். "பெண் உடை களைவதை ஆண் பார்க்கலாமா? திரும்பி நில்" என்கிறாள் அவள். அவன் திரும்புகிறான். மறுகணம் தண்ணீரில் தத்தளிக்கிறான்!

அங்கே நாணம் ஆயுதம். இங்கே வணக்கம் ஆயுதம். ஒன்றையொன்று அறியாத இரண்டு நாட்டுப் பெண்கள், ஒரே உபாயத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆபத்து ஒன்றாக இருந்தது. ஆகவே உபாயமும் ஒன்றாக அமைந்தது போலும்!

பாட்டு மட்டும் நிலைத்தது

டி. ஆர். சுந்தரம் 1963-ல் மறைந்தார். ஜி. ராமநாதனும் அதே ஆண்டில் காலமானார். திருச்சி லோகநாதன் 1989-லும், ஜிக்கி 2004-லும் மறைந்தார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஸ்டூடியோ இருந்த இடத்தில் அடையாளமாக மிஞ்சியது அந்த நுழைவாயில் வளைவுதான்.

காப்பியம் அழிந்து 19 செய்யுள் மிஞ்சியது. ஸ்டூடியோ அழிந்து ஒரு வளைவு மிஞ்சியது. ஆனால் பாட்டு மட்டும் முழுசாக இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து சரக்கேற்றிப் புறப்படும் லாரியிலும், டீக்கடையிலும், கல்யாணக் கச்சேரியிலும் அது கேட்கிறது. கல்யாணத்தில் இதைப் பாடலாமா என்று யாரும் யோசிப்பதில்லை!

அதில் ஒரு குறை உண்டு. பாட்டில் அவன் அழைப்பது இருக்கிறது. அவள் பின்னே போவது இருக்கிறது. அவள் சுற்றி வந்து தள்ளியது பாட்டுக்கு அப்புறம் நடப்பது. பாட்டை மட்டும் கேட்கிறவர்களின் நினைவில் அமுதவல்லி என்றைக்கும் பின்னே போகும் பெண்ணாகவே இருந்துவிடுகிறாள். புலியைப் பள்ளத்தில் தள்ளிய மான் அவள் என்பது மறந்துபோகிறது.

ஆகையால் இந்தப் பாட்டை இரண்டு தடவை கேட்க வேண்டும். முதல் தடவை, அவள் கேட்டதுபோல், காற்றையும் மலையையும் நினைத்து. இரண்டாவது தடவை, அவன் மனத்தில் இருப்பதைத் தெரிந்துகொண்டு. இரண்டாவது தடவை கேட்கும்போது, மெட்டு மாறாது, குரல் மாறாது, சொல் மாறாது. ஆனால் உடம்பு சிலிர்க்கும்.

இனிமையாக அழைப்பவர்கள் எல்லாரும் நன்மைக்கே அழைப்பதில்லை. இதை நீதிநூல் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. சேலத்துப் பாட்டு அதைத் தேனில் குழைத்துச் சொன்னது. ஊரே கேட்டது, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை அந்தக் குரல் "வாராய்" என்று அழைக்கும்போது, மலை உச்சியில் மூன்று சுற்றுச் சுற்றிய அந்தப் பெண்ணையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் மிச்சக் கதை அவளிடம்தான் இருக்கிறது.